ஒப்பினெலா, லாயோலா? இரண்டு பிரெஞ்சு மடக்குக்கத்திகள்

பெயரைப் பார்த்துக் கத்தி வாங்குபவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒப்பினெல் என்பது ஒரு நிறுவனம். லாயோல் என்பது ஓர் ஊர். பிரான்சில் பிறந்த இந்த இரண்டு வகை மடக்குக்கத்திகளையும் பல ஆண்டுகளாகச் சமையலறையிலும் மலைநடையிலும் பயன்படுத்திவருகிறேன். அவற்றின் தரத்தைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டை அறியாததால் வருவதுதான்.

சவ்வா மலைப்பகுதியைச் சேர்ந்த ஜோசப் ஒப்பினெல், கருவிகள் அடிக்கும் கொல்லரின் மகன். 1890-ல் அவர் இந்தக் கத்தியை உருவாக்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. 1897-ல் 1 முதல் 12 வரை எண்ணிட்டு அளவுகளை வகுத்தார். என்னிடம் இருப்பது 8-ஆம் எண், கார்பன் எஃகு. அலகு எட்டரை சென்டிமீட்டர். அலகு, பீச் மரப்பிடி, ஓர் ஆணி, நிலைவளையம், சுழலும் பூட்டு வளையம் என மொத்தமே ஐந்து உறுப்புகள். பூட்டு வளையம் 1955-ல்தான் வந்தது. இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? ஒன்றை எடுத்து இன்னொன்றோடு ஒப்பிட்டாலும் வேறுபாடு தெரியாது. இயந்திரத்தில் செய்ததை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இந்தச் சீர்மையைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அலகு மெல்லியது. தக்காளியை நசுக்காமல் இறங்கும். ஆப்பிளைப் பிளக்காமல் சீவும். சாணைக்கல்லில் சில இழுப்புகளிலேயே கூர் திரும்பிவிடும். ஆனால் எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால், நம் வீட்டு இரும்பு அரிவாள்மனையைப் போலவே கறுத்துப்போகும். கறுப்பு கெடுதல் இல்லை, செந்துருதான் கெடுதல். துடைக்கச் சோம்பல் உள்ளவர்கள் துருப்பிடிக்காத எஃகு வகையை வாங்கிக்கொள்ளலாம், அதே கத்திதான். மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அதற்குச் சவ்வாக்காரர்களின் வழி எளிது: பிடியின் பின்நுனியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலைநீட்டும்.

லாயோல் வேறு கதை. அவேரோன் மாவட்டத்து ஓப்ராக் மேட்டுநிலத்தில் இருக்கும் அந்த ஊரில், பியர்-ஜான் கால்மெல்ஸ் என்பவர் 1829-ல் தொடங்கிய கத்தி இது. பிறகு மேய்ப்பர்களுக்காகத் துளையூசியும், 1880 வாக்கில் மதுப்புட்டிக்கான தக்கைத்திருகும் சேர்ந்தன. காலப்போக்கில் தொழில் கத்தி நகரமான தியேருக்குப் போய்விட்டது. 1987-ல்தான் லாயோலிலேயே ஒரு பெரிய பட்டறை மீண்டும் எழுந்தது. இடையில் அந்தப் பெயர் எந்த ஒரு பட்டறையின் சொத்தாகவும் இல்லாததால், ஆசியாவில் மலிவாக வார்த்து எடுத்தவற்றிலும் அதே பெயர், பிடியின் முதுகில் ஸ்பிரிங்கின் நுனியில் அதே தேனீ முத்திரை. தேனீயைப் பார்த்துத் தரத்தை முடிவுசெய்வது வீண்.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று நண்பர் சுற்றுலாக் கடையில் வாங்கிப் பரிசாகக் கொடுத்தது. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. திறந்து பிடித்தால் அலகு பக்கவாட்டில் ஆடுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் ஸ்பிரிங்குக்கும் பிடித்தகட்டுக்கும் இடையில் ஒளி ஊடுருவுகிறது. தேனீ தனியாக ஒட்டவைத்தது. மூடும்போது வெட்டும் விளிம்பு ஸ்பிரிங்கில் மோதி, விளிம்பின் நடுவில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. பரிசென்பதால் தூக்கி எறிய மனமில்லை. கடித உறைகளைப் பிரிக்கிறது.

மற்றொன்று தியேரின் சிறு பட்டறை ஒன்றில் ஒரே கைவினைஞர் தொடக்கம் முதல் முடிவு வரை பொருத்தியது. ஜூனிப்பர் என்ற வாசனை மரத்தில் பிடி, கை சூடேறினால் இன்றும் மணக்கிறது. தேனீயும் ஸ்பிரிங்கும் ஒரே எஃகுத் துண்டு. பிடியில் சிறு ஆணிகளால் பதித்த மேய்ப்பர் சிலுவை. திறக்கும்போது வரும் ‘டக்’ ஒலிக்காகவே சும்மா திறந்து மூடத் தோன்றும். ஆனால் நல்ல லாயோலையும் படீரென்று மூடக்கூடாது. விரலால் பிடித்து மெல்லத்தான் இறக்க வேண்டும். அதற்குப் பூட்டும் கிடையாது. ஆகவே முனையால் குத்தும் வேலை, கடினமான கட்டைச் சீவல் எல்லாவற்றுக்கும் என் கை ஒப்பினெலைத்தான் தேடும்.

விலை? ஒப்பினெல் 8 பதினைந்து யூரோ அளவில் கிடைக்கும். நல்ல லாயோலுக்கு நூறு யூரோவைத் தாண்ட வேண்டும். வெட்டுவதில் அந்த விலை வேறுபாடு தெரியாது, சில நேரம் ஒப்பினெலே முந்தும். கூடுதல் பணம் பொருத்தத்துக்கும் மெருகுக்கும் போகிறது. அது வீண் என்று சொல்ல மாட்டேன். விருந்து மேசையில் லாயோலைத்தான் எடுத்து வைக்கிறேன். ஆனால் இடைப்பட்ட விலையில், பட்டறைப் பெயர் இல்லாத லாயோல் வாங்குவதைவிட இரண்டு ஒப்பினெல் வாங்குவது மேல்.

தியேரிலிருந்தே 1929 முதல் வரும் தூக்-தூக் கத்தியும் பையில் இருந்திருக்கிறது. மடித்த தகட்டுப் பிடி, தட்டையானது, முரட்டு ஸ்பிரிங். நகம் வளர்த்தவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. கழுவியதும் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். உதவி செய்யும் ஆர்வத்தில் விருந்தினர் யாரும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.