ரங்கூனுக்குக் கடலும் காடும்

செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப், போனவர்களுக்கு வழி என்றால் அது கடல்வழிதான். காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ சென்னை சென்று, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பலில் ஏறினால், காற்றும் மழையும் வழிவிட்டால், மூன்று நான்கு நாளில் ரங்கூன் துறைமுகம் வந்துவிடும். குறைந்த கட்டணத்தில் திறந்த மேல்தளத்தில் சென்றவர்களுக்கு நெரிசலும் வாந்தியும் தப்பாது. ஆயினும் பெட்டி படுக்கையோடு போய்வர முடிந்தது. நம் வீடுகளின் தேக்குத் தூண்களும் அந்தக் கடலைக் கடந்தே வந்தன.

தரைவழியை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்த பின், கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். ஒரு சாரார் புரோமிலிருந்து டௌங்கப் கணவாயைக் கடந்து அக்யாப் வழியாகச் சிட்டகாங்கை அடைந்தனர். மற்றொரு சாரார் மாந்தளைக்கு வடமேற்கே கலேவா, டாமு வழியே இம்பாலுக்கும், அங்கிருந்து ரயில் நிலையமான திமாப்பூருக்கும் வந்தனர். வாரக்கணக்கில் நீண்ட அந்த நடையில் காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயின.

தூரத்தை வைத்து இவ்விரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது என்பது என் கருத்து. கடலில் பயணச்சீட்டின் விலைதான் ஒருவரின் வசதியைத் தீர்மானித்தது. காட்டிலோ, பர்மாவின் வயல்களை அடமானமாகப் பிடித்திருந்தவரும் துறைமுகக் கூலியும் ஒரே ஓடையில் நீர் குடித்தார்கள். எனினும் வழியிலிருந்த அகதி முகாம்களில் ஐரோப்பியருக்கு முன்னுரிமை இருந்தது.