வாய்தாவுக்கு ஒரு ஆப்: ஒரு வாதியின் அனுபவம்

அப்பா விட்டுப்போன வீட்டுக்கான பாகப்பிரிவினை வழக்கில் நான் வாதி. ஒன்பது வருடமாக நடக்கிறது. ஆரம்பத்தில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தையல் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் மாறிப் போவேன். பலகையில் ஒட்டிய பட்டியலில் எண்ணைத் தேடிக் காத்திருந்தால், பதினொரு மணிக்கு மேல் "ஐயா லீவும்மா" என்பார்கள். அன்றைய வரும்படி போச்சு.

அப்புறம் வக்கீல் குமாஸ்தா அண்ணன் என் போனில் இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப்பை ஏற்றிக் கொடுத்தார். இலவசம். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கம் உள்ள சிஎன்ஆர் எண்ணைப் போட்டால், அடுத்த வாய்தா என்றைக்கு, எதற்காக என்று வந்துவிடும். எண் தெரியாதவர்கள் பெயரை வைத்தும் தேடலாம்.

எனக்கு மிகவும் உதவியது பழைய வாய்தாக்களின் பட்டியல். தேதியைத் தொட்டால் அன்று நடந்தது தெரியும். ஒரு ராத்திரி உட்கார்ந்து எண்ணினேன்: 58 வாய்தா. சாட்சி கூண்டில் ஏறியது நான்கே நாள். மற்றதெல்லாம் எதிர்த்தரப்பு அவகாசம், நீதிபதி இடமாற்றம், பொறுப்பு நீதிபதி, மறுபடி அவகாசம். அதைப் பார்த்த பிறகுதான் என் வக்கீலைத் திட்டுவதை நிறுத்தினேன்.

கோர்ட் ஆபீசில் பதிந்தால்தான் தேதி ஆப்பில் ஏறும். என் வழக்கில் ஒருமுறை மூன்று நாள் ஆனது. அதனால் குமாஸ்தாவுக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது.

ஆப் தேதியைச் சொல்லும், வழக்கை நடத்த ஆள் வேண்டுமே! பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-லேயே சொன்னது. 2011 மக்கள்தொகையை வைத்துக் கணக்குப் போட்டாலே, அனுமதித்த பணியிடங்கள் 21 அளவில்தான் நிற்கின்றன. அதற்குப் பிறகு ஜனம் எவ்வளவு பெருகிவிட்டது! அந்த இடங்களும் முழுதாக நிரம்புவதில்லை. 2023-ல், கோர்ட்டுகளைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அரசு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. சந்தோஷம். அதே அக்கறை நீதிபதி, ஸ்டெனோ, டைப்பிஸ்ட் நியமனத்திலும் வேண்டும். சாட்சியம் டைப் செய்ய ஆள் இல்லாமலே எனக்கு ஒரு வாய்தா போயிருக்கிறது.

வழக்கு உள்ளவர்கள் கண்டிப்பாக இந்த ஆப்பை ஏற்றிக்கொள்ளுங்கள். எனக்கு அடுத்த வாய்தா 14-ம் தேதி. 'குறுக்கு விசாரணை' என்று போட்டிருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டுப் போகிறேன்.