ஒற்றை அண்டர்ஸ்கோரே போதும்

பைத்தான் புரோகிராமிங் மொழியில் பிரைவேட் வேரியபிளுக்கு, அதாவது கிளாஸுக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டியதற்கு, பெயரின் முன்னால் ஒரு அண்டர்ஸ்கோர் (_) போடுவதா, இரண்டு போடுவதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல வருடங்கள் இரண்டோடும் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒற்றை அண்டர்ஸ்கோர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மொழி எதையும் தடுப்பதில்லை, பைத்தானின் ஸ்டைல் கைடான பெப் 8 சொல்லும் வழக்கம்தான். ஆனால் ஜாவாவில் ஒரு வேரியபிள் பிரைவேட்டா என்று தெரிந்துகொள்ள டிக்ளரேஷனைத் தேடிப் போகவேண்டும். இங்கே பெயரிலேயே தெரிந்துவிடும். வெளியிலிருந்து யாராவது அதைத் தொட்டிருந்தால் கோட் ரிவ்யூவில் உடனே கண்ணில் படும்.

இரட்டை அண்டர்ஸ்கோர்தான் தலைவலி. பைத்தான் 3-இல் தமிழிலும் பெயர் வைக்கலாம் என்பதால் தமிழிலேயே காட்டுகிறேன். 'கணக்கு' என்ற கிளாஸுக்குள் __இருப்பு என்று எழுதினால், பைத்தான் அதை _கணக்கு__இருப்பு என்று மாற்றி வைத்துக்கொள்ளும். அதிலிருந்து 'சேமிப்பு' என்று ஒரு சப்கிளாஸ் எழுதி, அதற்குள் __இருப்பு என்று கேட்டால் _சேமிப்பு__இருப்பு என்பதைத் தேடும். அப்படி ஒன்று இல்லை, அட்ரிபியூட் எரர்.

சரி, எரர் வந்தால் திருத்திவிடலாம். எரரே வராத இடம்தான் மோசம். போன வாரம் ஒரு லைப்ரரியில் டைம்அவுட்டை (எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற அளவை) மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு அண்டர்ஸ்கோர் போட்டு வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் கிளாஸ் பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும் எழுதி மதிப்பைக் கொடுத்திருந்தோம். புது வெர்ஷனில் கிளாஸ் பெயர் மாறிவிட்டது. பைத்தான் ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய பெயரில் புதிதாக ஒரு அட்ரிபியூட்டை உருவாக்கிக்கொண்டது. டைம்அவுட் பழையபடியே இருந்தது. இதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நியாயமாகச் சொன்னால், இந்த வசதி பூட்டுப் போடுவதற்காக வந்ததே அல்ல. பேஸ் கிளாஸில் இருக்கும் பெயரும் சப்கிளாஸில் இருக்கும் பெயரும் மோதிக்கொள்ளாமல் காப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை அது சுத்தமாகச் செய்கிறது. மற்ற கிளாஸ்களோடு சேர்த்துக்கொள்வதற்காகவே எழுதும், யார் யாரோ இன்ஹெரிட் செய்யப்போகிற மிக்ஸின் கிளாஸுக்கு இதைவிடச் சுலபமான பாதுகாப்பு பைத்தானில் இல்லை.

இருந்தாலும் நண்பரே, மிக்ஸின் எழுதினால்கூட இரண்டு போடாதீர்கள். பெயர் மோதும் என்று பயமிருந்தால் கொஞ்சம் நீளமான பெயராக வையுங்கள், முன்னால் ஒரே ஒரு அண்டர்ஸ்கோரோடு.