யப்பானிய ஸ்டீரியோவின் கசெற் டெக்: திருத்திய பின்னான நீண்டகாலப் பாவனை அனுபவம்

மோட்டரின் சுழற்சியைக் கடத்தும் றப்பர் பெல்ற்றை மாற்றினால் கசெற் டெக் மீண்டும் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் வன்னியில் பதிவான பழைய நாடாக்களைக் கேட்பதற்காகவே ஒரு டெக்கைத் திருத்துகிறவருக்கு அது பாதி வேலைகூட ஆகாது என்பதை, பல மாரிகளையும் கோடைகளையும் தாண்டிய பாவனைக்குப் பிறகு உறுதியாகச் சொல்ல முடிகிறது. கிளிநொச்சிக்கு அருகில் எங்கள் வீட்டில் இருப்பது 1980களின் யப்பானியத் தயாரிப்பு. அம்ப்ளிஃபயர், வானொலி, இரட்டைக் கசெற் டெக் ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்டீரியோ. கொழும்பில் பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில், டெக் ஓடாது என்று தெரிந்தே வாங்கினோம்.

இவ்வகைப் பெட்டியை வாங்குகிறவர் முதலில் பின்புறத் தகட்டைப் படிக்க வேண்டும். யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை 100 வோல்ற்றில் இயங்குபவை. எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகினால் அன்றோடு அதன் கதை முடிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரான்ஸ்போமர் ஒன்று கட்டாயம் தேவை. தகட்டில் குறித்திருக்கும் வாற்றைவிடத் தாராளமான கொள்ளளவு அதற்கு இருக்க வேண்டும். வானொலிப் பகுதி அக்கால யப்பானின் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையான எஃப்.எம். வரிசைக்கானது என்பதால், 90க்கு மேலே ஒலிபரப்பாகும் எங்கள் நிலையங்கள் எவையும் அதில் வருவதில்லை. வானொலிக்காக இதை வாங்குவது வீண்.

மூடியைக் கழற்றியபோது பெல்ற் இருக்க வேண்டிய இடத்தில் தார் போன்ற கறுத்த பசையே இருந்தது. பழைய றப்பர் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து இப்படி உருகுவது வழக்கம்; இரண்டுக்கும் வன்னியில் பஞ்சமில்லை. இந்தப் பசையை ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால், மோட்டரின் சிறு கப்பியிலும் ஃபிளைவீல் என்ற கனத்த சில்லிலும் சுவடே இல்லாமல் துடைத்தெடுக்க வேண்டும். சிறிது ஒட்டியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் தடுமாறிப் பாட்டு அலைந்து கேட்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் எண்ணெய் கலந்திருக்கக்கூடும் என்பதால் இந்த வேலைக்கு நான் அதைத் தொடுவதில்லை. உருகிய பெல்ற்றை அளக்க முடியாது. கப்பிகளைச் சுற்றி நூலொன்றை இழுத்து, அந்த நீளத்தைவிட ஏறத்தாழ 5 முதல் 10 வீதம் குறைந்த சுற்றளவுள்ள பெல்ற்றைத் தேட வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மோட்டரின் அச்சு தேயும். தளர்ந்தால் நாடா வழுக்கும். ஊரில் றேடியோ திருத்தும் அண்ணை ஒருவர் புதிய பெல்ற்றைப் போட்டுவிட்டுச் சொன்னது நினைவிருக்கிறது: “தம்பி, ஓடுறது வேற, பாடுறது வேற. முதல்ல ஓடட்டும்.”

பாட வைப்பதில்தான் உண்மையான பொறுமை தேவைப்பட்டது. கசெற் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர்; அது வினாடிக்கு 4.76 சென்றிமீற்றர் வேகத்தில்தான் நகர்கிறது. ஸ்டீரியோவில் ஒவ்வொரு தடமும் ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் அகலமே கொண்டது. இவ்வளவு மெதுவாக நகரும் இவ்வளவு ஒடுங்கிய தடத்தில் மேல் ஸ்தாயி ஒலிகள் மிக நெருக்கமாகப் பதிந்திருப்பதால், நாடாவில் பதிந்ததைப் படிக்கும் ஹெட்டின் இடைவெளி நாடாவின் ஓட்டத்துக்குச் சரியான செங்குத்தில் நிற்காவிட்டால் முதலில் தொலைவது கைத்தாளத்தின் ஓசையும் சொற்களில் உள்ள சகரமும்தான். ஹெட்டின் பக்கத்தில், சுருள்வில்லின் மேல் இருக்கும் சிறு திருகாணியே இந்தச் சாய்வைத் தீர்மானிக்கிறது. அம்ப்ளிஃபயரை மொனோவில் வைத்து, நாடா ஓடும்போதே திருகாணியை மயிரிழை அளவாகத் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். மொனோவில் இரண்டு தடங்களும் கலப்பதால், சாய்வு பிசகினால் மேல் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது காதுக்கு உடனே தெரியும்.

இங்கேதான் எங்கள் நாடாக்களின் சிக்கல் தொடங்குகிறது. கடையில் விற்ற பாட்டுக் கசெற்றுக்கு டெக்கை ஒருமுறை சரிசெய்தால் போதும். ஆனால் வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு பெட்டிகளில் பதிவானவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வைக் கொண்டிருக்கின்றன. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலில் பதிந்த நாதஸ்வரத்துக்குத் தெளிவாக இருந்த அமைப்பு, சித்தப்பா பதிந்து வைத்த கோவலன் கூத்துக்கு மங்கலாக இருந்தது. ஆகவே பாட்டுக் கசெற்றுக்குரிய நிலையை வெள்ளை மையால் குறித்துவிட்டு, முக்கியமான நாடா ஒவ்வொன்றுக்கும் திருகாணியைத் திருப்பி, கேட்ட பின் குறித்த நிலைக்கே கொண்டுவருகிறேன். டெக்கைக் குலையாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். எனக்கோ டெக்கைவிட நாடாவே பெரிது.

வேகமும் அப்படியே. 3000 அல்லது 3150 ஹேர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனை நாடாவை ஓடவிட்டு, கைபேசியில் அதிர்வெண் காட்டும் செயலியைப் பார்த்தபடி, மோட்டரின் பின்புறத் துளைக்குள் இருக்கும் சிறு திருகைப் பிளாஸ்டிக் திருப்புளியால் நகர்த்தினால் டெக்கின் வேகம் சரியாகிவிடும். ஆனால் தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமலும் பற்றரி கிடைக்காமலும் வன்னியில் பலர் சைக்கிள் டைனமோவை மிதித்தே றேடியோவும் கசெற்றும் கேட்டார்கள். பதிவும் சில வேளைகளில் அப்படித்தான் நடந்தது. மிதிப்பவர் களைத்தால் பதிவின்போது நாடா மெதுவாக நகரும். அதையே இன்று சரியான வேகத்தில் ஓடவிட்டால் குரல் மேலெழுந்து விரைவாகக் கேட்கும். தேய்ந்த பற்றரியில் பதிந்த நாடா முடிவை நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே போவதும் இதனால்தான். இதைக் கேட்டுவிட்டுப் பெல்ற் மறுபடி பழுதாகிவிட்டது என்று டெக்கைக் கழற்றத் தேவையில்லை. கடைப் பாட்டுக் கசெற் ஒன்றைப் போட்டு, அது நேராகப் பாடினால் தடுமாற்றம் நாடாவில்தான் இருக்கிறது என்று விட்டுவிடலாம்.

நாடாவை நகர்த்தும் கப்ஸ்டன் கம்பியையும், அதை அழுத்தும் றப்பர் உருளையையும், ஹெட்டையும் சில நாடாக்களுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். எங்கள் செம்மண் புழுதியில் இதற்குச் சலுகை இல்லை. உருளை பளபளத்து இறுகியிருந்தால் நாடாவைப் பிடிக்காது, ஒரு பக்கமாக இழுத்து மடித்துவிடும். அப்போது உருளையையே மாற்றுவது நல்லது. கசெற்றின் உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு, பசை காய்ந்து கழன்று விழுந்திருப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். ஐந்து திருகாணிகளால் பூட்டிய கூடாக இருந்தால் திறந்து வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றிவிடலாம். ஒட்டிய கூடு என்றால் கவனமாகப் பிளக்க வேண்டும். நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அந்தக் கசெற்றை நல்ல டெக்கில் போடுவதே இல்லை.

இத்தனை காலத்தில் தாக்குப்பிடித்தவை தரமான பெல்ற்றும் புதிய உருளையும். மலிவாக வாங்கி இரண்டாவது டெக்கில் போட்ட பெல்ற் ஒரு கோடையிலேயே தளர்ந்துவிட்டது. சுருட்டும் சில்லை உராய்ந்து திருப்பும் றப்பர் வளையமும் வழுக்கத் தொடங்கி, நாடா பாதியில் நின்றது. சில்லு சுற்றாததை உணர்ந்து டெக் தானாகவே நின்றுவிட்டதால் நாடா சிக்கவில்லை. மாதக்கணக்கில் மூடி வைத்தால்தான் கோளாறுகள் கூடுகின்றன. வாரம் ஒருமுறையாவது சிறிது நேரம் ஓடவிடுகிறேன்.

புதிதாகத் திருத்தியவர்கள் அரிய நாடா ஒன்றைப் போடும்போது, முதல் ஓட்டத்திலேயே கணினிக்கும் பதிந்துகொள்வது நல்லது. அதற்கு முன் கசெற்றின் பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிட வேண்டும்; அவை இல்லாவிட்டால் பதிவுப் பொத்தான் அழுந்தாது, குழந்தைகள் தவறுதலாகத் தொட்டாலும் பழைய குரல் அழியாது. பதிவுப் பகுதியின் சுவிட்சில் படிந்திருக்கும் கறலை நான் இன்னும் துப்புரவாக்கவில்லை. இந்த டெக்கில் எதையும் பதியும் எண்ணம் இல்லாததால் அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.