எதிர்த்தரப்பின் வீட்டுக்குள்ளிருந்து போர்: பிள்ளைகளுக்கு எந்த நாவல்?

தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கூடி நாவல் வாசிக்கிறார்கள். பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையிலான அவர்கள் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் விவாதிப்பார்கள். போர் பற்றிய சிறுவர் நாவல்களில் பெரும்பாலானவை வாசிக்கும் பிள்ளையைப் பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகின்றன. கொடுமை செய்தவர்கள் சீருடை அணிந்த நிழல்களாக மட்டும் வந்து போகிறார்கள். அந்த நிழல்களுக்கும் வீடு, சம்பளம், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் இருந்தன என்பதைக் காட்டும் கதை ஒன்று எங்களுக்கு வேண்டியிருந்தது. ஜான் பாய்ன் எழுதிய ‘தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்’, ஹான்ஸ் பீட்டர் ரிக்டர் எழுதிய ‘ஃப்ரீட்ரிக்’, கெய்ஜி நகஸாவாவின் ‘பேர்ஃபூட் ஜென்’ என்ற படக்கதைத் தொடர் ஆகிய மூன்றையும் பரிசீலித்து, கடைசியில் ‘ஃப்ரீட்ரிக்’ நாவலை எடுத்துக்கொண்டோம்.

எளிதில் கிடைப்பதுதான் முக்கியம் என்றால் பாய்னின் நாவலுக்கே முதலிடம். 2006இல் வெளிவந்து, இரண்டே ஆண்டுகளில் திரைப்படமாகவும் ஆனதால் எல்லாக் கடைகளிலும் இருக்கிறது. ‘ஃப்ரீட்ரிக்’ ஜெர்மனியில் 1961இல் வந்த பழைய நூல். தரியாகஞ்சில் நடந்து, 2019இல் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறிய ஞாயிறு புத்தகச் சந்தையில்தான் எங்களுக்குப் பழைய பிரதிகள் அகப்பட்டன. மொழிநடையில் இரண்டும் எளியவை, அளவிலும் சிறியவை. இவற்றை வைத்து எதையும் தீர்மானிக்கத் தேவையில்லை.

தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று என்று நினைக்கிறேன். கதையின் மையத்தில் இருக்கும் எதிர்த்தரப்புச் சிறுவனுக்கு, நடந்த கொடுமையில் கை இருந்ததா, இல்லையா?

பாய்னின் புரூனோவுக்கு இல்லை. ஒன்பது வயதான அவன் நாஜி ஜெர்மனியின் வதைமுகாம் ஒன்றின் தலைமை அதிகாரியின் மகன். பெர்லினிலிருந்து குடும்பத்தோடு முகாமை ஒட்டிய வீட்டுக்கு வந்து, முள்வேலிக்கு அப்பால் இருக்கும் ஷ்முவேல் என்ற யூதச் சிறுவனோடு நட்புக் கொள்கிறான். நாட்டை ஆளும் தலைவரின் பட்டத்தைக்கூட அவன் தவறாகத்தான் உச்சரிக்கிறான். யூதர் என்றால் யார் என்று அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். பத்து வயது நிரம்பிய பிள்ளைகளை ஹிட்லரின் இளைஞர் அமைப்பில் சேர்ப்பது 1939இல் கட்டாயமாக்கப்பட்ட நாட்டில், வகுப்பறையிலும் வானொலியிலும் யூத வெறுப்பு நாள்தோறும் ஓதப்பட்ட காலத்தில், ஓர் அதிகாரியின் மகன் இத்தனை அறியாமையோடு வளர்ந்திருக்க முடியும் என்று நம்புவது கடினம். ஷ்முவேலின் வயதுடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் கதை நடக்கும் ஆஷ்விட்ஸ் முகாமில் வந்து இறங்கிய அன்றே கொல்லப்பட்டார்கள் என்பதும் வரலாறு. இப்படிப்பட்ட காரணங்களால்தான் ஆஷ்விட்ஸ் நினைவு அருங்காட்சியகம், அந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னது.

பாய்ன் இதை ஒரு நீதிக்கதை என்றே குறிப்பிடுகிறார் என்பதையும், கதையின் முடிவு பிள்ளைகளை உலுக்கிவிடக்கூடியது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உலுக்கலில் வரும் கண்ணீர் யாருக்காக என்று பார்த்தால், பெரும்பங்கு அதிகாரியின் மகனுக்கே போய்ச் சேர்கிறது. முகாமில் நாள்தோறும் நடந்த கொலைகள் பின்னணியாகிவிட, அங்கே தவறுதலாகப் போய்ச் சேர்ந்த ஒரு சிறுவனின் மரணம் துயரத்தின் உச்சமாக நிற்கிறது. எதிர்த்தரப்பைப் புரிந்துகொள்வதற்காகக் கொடுக்கும் நூல், எதிர்த்தரப்புக்காக இரக்கப்படுவதோடு நின்றுவிடுவது எனக்குப் போதவில்லை.

‘ஃப்ரீட்ரிக்’ கதையைச் சொல்லும் ஜெர்மானியச் சிறுவனுக்குப் பெயர் இல்லை. கடைசி வரை ‘நான்’ மட்டுமே. அவனும் ஃப்ரீட்ரிக் ஷ்னைடர் என்ற யூதச் சிறுவனும் 1925இல் சில நாள் இடைவெளியில் பிறந்து, ஒரே கட்டடத்தின் மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் வளர்கிறார்கள். ஒவ்வொரு சிறு அத்தியாயத்தின் தலைப்பிலும் ஆண்டு இருப்பதால், காலம் இறுகிக்கொண்டே வருவதைப் பிள்ளைகள் விரல்விட்டுத் தொடர முடிகிறது. 1933இல் யூதர் கடைகள் புறக்கணிக்கப்படுவது, 1935இல் யூதர்களின் உரிமைகளைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்கள் வந்ததும் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி நின்றுபோவது, 1941இல் உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்கப்படுவது என்று வரலாறு மாடிப்படிகளின் வழியாகவே அந்தக் கட்டடத்துக்குள் வருகிறது. கதை சொல்லும் சிறுவனின் அப்பா வேலையில்லாமல் இருந்தவர். ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்த பிறகு குடும்பம் நிமிர்கிறது. அவர் ஃப்ரீட்ரிக்கின் அப்பாவைத் தனியே சந்தித்து, தான் கட்சியில் சேர்ந்துவிட்டதைச் சொல்லி, நாட்டை விட்டுப் போய்விடுங்கள் என்று உண்மையான அக்கறையோடு எச்சரிக்கிறார். நல்ல மனிதரும் கட்சி உறுப்பினரும் ஒரே ஆளாக இருப்பதைப் பிள்ளைகள் முதன்முறையாக எதிர்கொள்ளும் இடம் இது.

யூதர்களுக்கு எதிராக நடந்த 1938 நவம்பர் வன்முறையைச் சொல்லும் அத்தியாயத்துக்காகவே இந்த நூலைத் தேர்ந்தெடுக்கலாம். யூதத் தொழிற்பயிற்சி மாணவர்களின் விடுதிக் கதவைக் கூட்டம் மோதி உடைக்கும்போது, வேடிக்கை பார்க்க நின்ற சிறுவனும் சேர்ந்து தள்ளுகிறான். உள்ளே போனதும் அவன் கையில் ஒரு சுத்தியல் இருக்கிறது. முதலில் விளையாட்டாகத்தான் தட்டுகிறான், பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் நொறுக்குகிறான், அதில் அவனுக்கு ஓர் ஆனந்தமும் உண்டாகிறது. எல்லாம் முடிந்து களைப்பும் அருவருப்பும் சூழ்ந்தபோது, படிக்கட்டில் கிடந்த பாதிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிறான். அன்றே ஷ்னைடர் வீடும் சூறையாடப்படுகிறது; அதைக் கண்டு அழும் அம்மாவோடு சேர்ந்து அவனும் அழுகிறான்.

இதைப் படித்த அன்று, “ஆன்ட்டி, இவன் கெட்ட பையன் இல்லையே, அப்புறம் ஏன் உடைச்சான்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். கூட்டத்தில் எல்லாரும் செய்ததால் என்றாள் ஒருத்தி. யாரும் தன்னைப் பிடிக்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும் என்றான் ஒரு பையன். உடைக்கிற சத்தம் நன்றாக இருந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னான் இன்னொருவன். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்து வரக்கூடிய பதில்கள் அல்ல இவை. புரூனோவைப் போல ஒன்றும் அறியாத பிள்ளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. நாஜியிசம் பற்றித் தனி அத்தியாயம் கொண்ட ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலைப் பல ஆண்டுகளாக நம் பிள்ளைகள் படித்துவந்திருக்கிறார்கள். தேதிகளும் சட்டங்களும் அதில் கிடைக்கும், அந்தச் சுத்தியலின் கனம் கிடைக்காது.

‘பேர்ஃபூட் ஜென்’ பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச என்னால் முடியாது. முதல் தொகுதியை மட்டும், அதுவும் எங்கள் குழுவைவிடச் சற்றுப் பெரிய பிள்ளைகள் இருவரோடுதான் படித்தேன். ஹிரோஷிமா குண்டுவீச்சில் ஆறு வயதுச் சிறுவனாக உயிர்தப்பிய நகஸாவா 1973இல் தொடங்கிய தொடர் இது. ஜப்பானுக்குள்ளேயே போரை எதிர்த்துப் பேசும் ஓர் அப்பாவையும், அதற்காக அக்குடும்பத்தைத் துரோகிகள் என்று ஒதுக்கும் அண்டை வீட்டாரையும் அவர் காட்டுகிறார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கூடுதல் பொருள் தரக்கூடும்: ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா ரயில் பாதையில் மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள், அதே காலத்தில் அதே மலாயாவின் தமிழர்கள் பலர் ஜப்பானின் ஆதரவோடு இயங்கிய நேதாஜியின் படையிலும் சேர்ந்தார்கள். எதிர்த்தரப்பு என்று யாரைச் சொல்வது என்பதே அங்கே கேள்வியாகிவிடும். ஆனால் குண்டு விழுந்த பிறகான பக்கங்களில் உடல்கள் வரையப்பட்டிருக்கும் விதம் மிகக் கடுமையானது. பதின்மூன்று வயதுக்குக் கீழே நான் கொடுக்க மாட்டேன்.

‘ஃப்ரீட்ரிக்’ நாவலையும் தனியே படிக்கக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. குண்டுவீச்சின்போது பதுங்கறைக்குள் ஃப்ரீட்ரிக்கை அனுமதிக்க வீட்டு உரிமையாளர் மறுக்க, கதைசொல்லியின் அம்மா அழ, அப்பா அம்மாவை அடக்குகிற அத்தியாயத்தைப் பெரியவர் ஒருவர் கூடவே இருந்து படிப்பது நல்லது. தன் அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பாரா என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். அதைக் கேட்க ஆள் வேண்டும். பாய்னின் நாவலை ஏற்கெனவே படித்துவிட்ட பிள்ளைகளிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டியதில்லை. அடுத்ததாக இதைக் கொடுத்து, இரண்டு சிறுவர்களில் யாருக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்று அவர்களையே பட்டியலிடச் சொன்னால் போதும். எங்கள் குழுவில் திரைப்படத்தை முன்பே பார்த்திருந்த பிள்ளைகள்தான் வேறுபாட்டை முதலில் பிடித்தார்கள்.