நெல்லின் ஈரம் அளக்க நான்கு சிப்புகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படும் ஆண்டுகளில் குறுவை நெல் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்குள் நுழைகிறது. நெல்லைச் சாலையோரத்திலும் களத்திலும் விரித்து, வானம் கறுத்தால் குவித்துத் தார்ப்பாய் போட்டு, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை காத்திருக்கும் உழவர் எவருக்கும் 17 என்ற எண்ணை விளக்கத் தேவையில்லை. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நெல்லைக் காயவைத்துக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. மழை மிகுந்த ஆண்டுகளில் அதை 22 விழுக்காடாகத் தளர்த்துமாறு மாநில அரசு ஒன்றிய அரசைக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

ஈரம் கூடினால் நெல் திரும்பி வரும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் இழப்புதான் என்பதைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 78 கிலோ. அதை 17 விழுக்காடு வரை காயவைத்தால் எடை 94 கிலோவாக இருக்கும். சந்தேகத்தில் இன்னொரு நாள் காயவிட்டு 14 விழுக்காட்டுக்குக் கொண்டுபோனால் 90.7 கிலோவாகக் குறைந்துவிடும். இடையிலுள்ள 3.3 கிலோ உழவருக்கு விலையில்லாமல் ஆவியாகிப் போகிறது. எங்கள் குடும்பத்தின் குவியல் ஒருமுறை ஈரம் என்று திரும்பி வந்து, பின்பு வேண்டிய அளவுக்கும் மேல் காய்ந்துபோனதிலிருந்துதான் சொந்தமாக ஓர் ஈரப்பதமானி செய்து பார்க்கும் எண்ணம் எனக்குள் வலுத்தது. என் பெரியப்பா நெல்லைக் கடித்துப் பார்த்தே காய்ச்சலைச் சொல்லிவிடுவார். ஆனால் 17-க்கும் 19-க்கும் உள்ள வேறுபாடு பல்லுக்கு எட்டுவதில்லை.

அளக்கும் முறையின் அடிப்படை எளியது. தகடுகளுக்கு இடையே உள்ள பொருள் மின்னேற்றம் தேங்க எவ்வளவு உதவுகிறது என்பதைக் காட்டும் எண் மின்கடவா மாறிலி. நீருக்கு அது அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 80. உலர்ந்த தானியத்தினுடையது மிகச் சில அலகுகளே. எனவே இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே நெல்லை நிரப்பினால், ஈரம் கூடக்கூட அந்த அமைப்பின் மின்தேக்கம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறன், உயரும். தொடர்ச்சியாக மாறும் இந்த அளவை எண்ணாக மாற்றித் தருவது, தொடர் குறிகையும் இலக்கக் குறிகையும் ஒரே சிலிக்கன் துண்டில் சந்திக்கும் கலப்புக் குறிகைச் சிப். நான் ஒப்பிட எடுத்துக்கொண்டவை நான்கு: டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஎல்சி555, எஃப்டிசி1004, எஃப்டிசி2214 ஆகிய மூன்றும், அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடி7746-உம். ஜாக் கில்பி 1958-ல் ஒருங்கிணைந்த சுற்றைச் செய்துகாட்டியது முதலாவது நிறுவனத்தில். அது 1985-லேயே பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கியது. இரண்டாவது, 1965-ல் மாசசூசெட்ஸில் தொடங்கி, துல்லிய அளவீட்டுக்காகவே பெயர்பெற்றது. ஆனால் நெல் எந்த நிறுவனத்தின் பெருமையையும் பார்ப்பதில்லை என்பதால் பாத்திரத்தின் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்றினுள் ஒன்றாக நிற்கும் இரண்டு உலோக உருளைகளை எடுத்துக்கொள்வோம். உள் உருளையின் ஆரம் 1.5 செ.மீ., வெளி உருளையின் ஆரம் 3 செ.மீ., உயரம் 12 செ.மீ. வெறும் பாத்திரத்தின் மின்தேக்கம் ஏறத்தாழ 9.6 பிகோஃபாரட் (மின்தேக்கத்தின் அலகான ஃபாரட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோஃபாரட்). ஈர நெல்லை நிரப்பும்போது அது மூன்று மடங்காகலாம் என்று கொண்டால், 10-லிருந்து 30 பிகோஃபாரட் வரை அளக்க வேண்டியிருக்கும். பாத்திரம் சுமார் 150 கிராம் நெல் கொள்ளும். டன் கணக்கில் கிடக்கும் குவியலிலிருந்து எடுக்கும் மாதிரி என்பதால் இதைவிடக் குறைக்க எனக்கு மனமில்லை. அடுத்து வரும் ஒப்பீடு முழுவதும் இந்த 20 பிகோஃபாரட் வீச்சையே சார்ந்திருக்கிறது.

டிஎல்சி555 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-ல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த 555 சிப்பின், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சீமாஸ் (CMOS) வடிவம் அது. இரண்டு மின்னழுத்த ஒப்பீட்டிகளும், இரு நிலைகளுக்கிடையே மாறும் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் சுற்றும் சேர்ந்த அந்தச் சிப், மின்தேக்கத்தை அலைவெண்ணாக மாற்றித் தரும். இரண்டு 100 கிலோஓம் மின்தடைகளுடன் 30 பிகோஃபாரட் பாத்திரத்தை இணைத்தால் 160 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். விலை மிகக் குறைவு. எட்டுக் கால் கொண்ட பெரிய உறையில் கிடைப்பதால் பள்ளி மாணவரும் பற்றவைக்கலாம். ஆனால் சிப்பின் கால்களிலும் கம்பியிலும் ஒளிந்திருக்கும் சில பிகோஃபாரட்டுகள் வெறும் பாத்திரத்தின் அளவோடு போட்டியிடும் நிலையில், கம்பியை நகர்த்தினாலே ஈரம் மாறியதுபோலக் காட்டும். கொள்கையைக் கற்றுக்கொள்ள நல்லது. 17-ஐயும் 18-ஐயும் பிரித்துச் சொல்ல இதை நம்ப மாட்டேன்.

ஏடி7746-ன் தரவுத்தாளைப் படிக்கும்போது எவருக்கும் ஆசை வரும். 24 பிட், 4 அட்டோஃபாரட் வரையிலான நுண்பிரிப்பு (பிரித்தறியும் மிகச் சிறிய மாற்றம்), 4 ஃபெம்டோஃபாரட் துல்லியம் (பிகோஃபாரட்டில் ஆயிரத்தில் ஒன்று ஃபெம்டோ, அதில் ஆயிரத்தில் ஒன்று அட்டோ), இரண்டு தடங்கள், உள்ளேயே ஒரு வெப்பநிலை உணரி, வெளியிலிருந்து மின்னழுத்தம் அளக்க ஒரு நுழைவாயில், 16 ஹெர்ட்ஸ் வேகத்தில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வடிகட்டும் திறன் எல்லாம் இருக்கின்றன. நெல்லுக்குள் செருகிய தெர்மிஸ்டர் என்னும் வெப்பநிலை உணரியை அதே சிப்பிலேயே படித்துக்கொள்ளலாம் என்பது உண்மையான வசதி. இடர்ப்பாடு வீச்சில் இருக்கிறது. அது அளக்கும் மாறும் மின்தேக்கம் கூட்டலும் கழித்தலுமாக 4 பிகோஃபாரட். அதாவது மொத்தம் 8. மாறாத பகுதியாக 17 பிகோஃபாரட் வரை ஈடுசெய்துகொள்ளும். நம்முடைய 20 பிகோஃபாரட் வீச்சு அதற்குள் அடங்காது.

அடக்க வேண்டுமானால் பாத்திரத்தின் உயரத்தை 4 செ.மீ. ஆக்க வேண்டும். அப்போது மாதிரி 50 கிராமாகச் சுருங்கிவிடும்; உயரம் குறைந்ததால் மேல், கீழ் விளிம்புகளின் மின்புலக் கசிவும் கணக்கைக் கெடுக்கும். அளப்பதற்காகச் சிப் மின்முனைக்குத் தரும் தூண்டல் மின்னழுத்தத்தைக் குறைத்து வீச்சை விரிக்கும் துணைச் சுற்றும் உண்டு. ஆனால் அதைச் சேர்த்தபின் அட்டோஃபாரட் பெருமைக்குப் பொருளில்லை. ஏற்கெனவே அந்தப் பெருமைக்கு நெல்லிடம் பெரிய வேலையும் இல்லை. பாத்திரத்தைத் தட்டி நிரப்புவதற்கும் தளர்வாக நிரப்புவதற்கும் இடையே அடர்த்தி 2 விழுக்காடு மாறினாலே, 20 பிகோஃபாரட் உயர்வில் 0.4 பிகோஃபாரட் மாறும். அது 4 அட்டோஃபாரட்டைப் போல ஒரு லட்சம் மடங்கு. அழுத்த உணரி, மிகச் சிறு இடப்பெயர்ச்சி போன்றவற்றை ஆய்வுக்கூடத்தில் அளப்பவருக்கு இந்தச் சிப் பொருந்தும். குவியல் முன்னால் நிற்பவருக்கு வேண்டியது மாதிரியின் அளவுதான்.

எஃப்டிசி1004 இந்தப் பாத்திரத்துக்கு அளந்து தைத்ததுபோல் இருக்கிறது. வீச்சு கூட்டலும் கழித்தலுமாக 15, அதாவது மொத்தம் 30 பிகோஃபாரட். மாறாத பகுதியாக ஏறத்தாழ 100 பிகோஃபாரட் வரை தள்ளுபடி செய்துகொள்ளும். நுண்பிரிப்பு 0.5 ஃபெம்டோஃபாரட் என்பது ஏடி7746-ஐவிடக் குறைவானாலும் நம் தேவையைவிட மிக அதிகம். நான்கு தடங்கள் உள்ளன. இது மின்முனைக்கும் நிலத்துக்கும் (சுற்றின் பூச்சிய மின்னழுத்தப் புள்ளிக்கும்) இடையே அளப்பதால் வெளி உருளையை நேரடியாக நிலத்தோடு இணைத்துவிடலாம். அந்த உருளையே கவசமாகவும் நின்று, பிடித்திருப்பவரின் ஈரக் கை அளவைக் குழப்பாமல் தடுக்கும். ஏடி7746-ல் இரண்டு மின்முனைகளும் நிலத்தைத் தொடாமல் மிதக்க வேண்டும் என்பதால் அதற்கு வெளியே இன்னொரு கவசம் செய்ய வேண்டியிருக்கும். உள் உருளையிலிருந்து சிப் வரை செல்லும் கம்பிக்கும் எஃப்டிசி1004 தானே கவச மின்னழுத்தம் தருகிறது. அந்தக் கம்பியின் மின்தேக்கம் அளவில் சேர்வதில்லை. மழைக்காலத்தில், சேறு படிந்த கையோடு, களத்தில் குந்தியபடி அளக்கும் ஒரு கருவிக்கு இது சிறிய செய்தியன்று.

இவ்வளவும் சம்பாவுக்குப் போதும். தை, மாசியில் வெயிலில் காய்ந்து 14 முதல் 18 விழுக்காட்டுக்குள் நிற்கும் நெல்லுக்கு எஃப்டிசி1004-ஐத் தயக்கமின்றிச் சொல்வேன். குறுவையின் மழை நெல்லில்தான் கதை மாறுகிறது. ஈரம் 20-ஐத் தாண்டினால் நெல்மணிகள் மின்தேக்கியின் இடைப்பொருளாக மட்டும் இருப்பதில்லை, மின்சாரத்தையும் கசியவிடத் தொடங்குகின்றன. எஃப்டிசி1004 ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸிலும் ஏடி7746 சுமார் 32 கிலோஹெர்ட்ஸிலும் தூண்டுகின்றன. இந்தத் தாழ்ந்த அலைவெண்ணில் கசிவின் பங்கு பெரிது. மேற்பரப்பில் ஒட்டிய மழைநீரில் கரைந்துள்ள உப்பின் அளவுகூட எண்ணை நகர்த்தும். உள் உருளைக்கு மெல்லிய காப்புறை போட்டால் நேர்ப்பாதை அடைபடும் என்றாலும், மணிக்கு மணி தொட்டுக்கொண்டு நடக்கும் கடத்தல் அப்படியே இருக்கும்.

அலைவெண் உயர உயர இந்தக் கசிவின் பங்கு குறையும் என்பதே தானிய ஈரப்பத அளவியலின் பழைய பாடம். அமெரிக்க வேளாண் துறையின் தானியச் சோதனை முறை 2012, 2013 ஆண்டுகளில் 149 மெகாஹெர்ட்ஸ் அளவீட்டுக்கு மாறியது. அவ்வளவு உயரம் நம் பட்டறைக்கு எட்டாது. ஆனால் எஃப்டிசி2214 நம்மைப் பாதித் தூரமாவது கொண்டுபோகிறது. மற்ற மூன்றிலிருந்தும் அதன் வழி வேறு. ஒரு சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து அதிரும் அலைவெண்ணை அது 28 பிட்டில் எண்ணுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது. 18 மைக்ரோஹென்றி சுருளையும் 33 பிகோஃபாரட் மின்தேக்கியையும் நம் பாத்திரத்தோடு இணைத்தால், வெறும் பாத்திரத்தில் சுமார் 5.7 மெகாஹெர்ட்ஸும், 30 பிகோஃபாரட்டுக்கு நிறைந்த பாத்திரத்தில் சுமார் 4.7 மெகாஹெர்ட்ஸும் கிடைக்கும். முந்தைய இரண்டு சிப்புகளைவிட நூறு மடங்குக்கு மேல் உயர்ந்த அலைவெண் இது. வெளி உருளையை இங்கும் நிலத்தோடு இணைத்துக்கொள்ளலாம். நெல் மிக ஈரமாக இருந்து அதிர்வு தளர்ந்தால், அதிர்வின் உயரம் குறைந்துவிட்டது என்று சிப்பே ஒரு பிழைக்கொடியை உயர்த்தும். இந்த நெல்லை அளக்கவே வேண்டாம், முதலில் காயவையுங்கள் என்று சொல்வதற்கு அந்தக் கொடி ஒன்றே போதும்.

இதற்கு ஈடாக உழைப்பைக் கேட்கிறது இந்தச் சிப். கால்கள் வெளியே நீளாத 4 மி.மீ. சதுர உறையில் வருவதால் சாதாரணப் பற்றுகோலால் பற்றவைக்க முடியாது. வெப்பக்காற்றுக் கருவியும் பொறுமையும் வேண்டும். எஃப்டிசி1004-ம் ஏடி7746-ம் கால் உள்ள உறையில் கிடைக்கின்றன. சுருள் வெப்பத்தில் விலகாதிருக்க வேண்டும். 33 பிகோஃபாரட் மின்தேக்கியும் வெப்பத்தில் மாறாத சி0ஜி வகையாக இருக்க வேண்டும். நிலையான 40 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றி ஒன்றை வெளியிலிருந்து தருவது நல்லது. இயங்கும்போது ஏறத்தாழ 2.1 மில்லியாம்பியர் எடுக்கிறது. மற்ற இரண்டும் முக்கால் மில்லியாம்பியரை ஒட்டியவை. ஒரு நாளில் சில நிமிடங்களே பயன்படும் கருவியில் இந்த வேறுபாடு பொருட்டன்று. விலையில் ஏடி7746 மற்றவற்றைவிடத் தெளிவாக உயர்ந்தது.

எந்தச் சிப்பும் தானாக விழுக்காட்டைச் சொல்லாது. சிப்பின் எண்ணை ஈரப்பதமாக மாற்றும் அளவுகோட்டை உருண்டு தடித்த சி.ஆர். 1009 ரக நெல்லுக்கு எடுத்து, சன்னமான பி.பி.டி. 5204 ரகத்துக்குப் பயன்படுத்தினால் விடை பிசகும். ரகத்துக்கு ஒரு கோடு வேண்டும். களத்தில் நடுப்பகல் வெயிலில் சூடேறிய நெல்லும், தார்ப்பாய்க்குள் இரவு கழித்த நெல்லும் ஒரே ஈரத்திலேயே வேறு எண்களைக் காட்டும் என்பதால், சிப்பின் வெப்பநிலையை அல்லாமல் நெல்லின் வெப்பநிலையைத் தனியே அளந்து திருத்த வேண்டும். அந்தக் கோட்டை வரைய உலர் அடுப்பு முறையே இறுதிச் சான்று: 100 கிராம் நெல் முழுதும் உலர்ந்து 83 கிராம் ஆனால் 17 விழுக்காடு. மழையில் நனைந்த நெல்லுக்குத் தீர்வு தேடித் திருவாரூரில் 1960-களின் இறுதியில் வேர்விட்ட நெல் பதனிடும் ஆராய்ச்சி, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக வளர்ந்து நிற்கும் மண் இது. அத்தகைய ஆய்வுக்கூட அளவோடு ஒப்பிடாமல் எந்தக் கருவியையும் ஊருக்குக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பற்றவைக்க எளியது, பாத்திரத்துக்குப் பொருந்துவது, கவசம் உள்ளது என்ற வகையில் முதல் கருவி செய்பவருக்கு எஃப்டிசி1004-ஐயே கைகாட்டுவேன். ஆனால் ஊருக்கு ஒன்றே ஒன்று செய்து வைப்பதானால் என் தெரிவு எஃப்டிசி2214. காய்ந்த சம்பாவுக்குக் கருவி இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். அடுத்த மழைக்கு முன் இன்று ஏற்றலாமா, நாளை வரை காயவிடலாமா என்ற கேள்வி எழுவது ஐப்பசியின் 18-க்கும் 22-க்கும் இடைப்பட்ட நெல்லில்தான். அங்கே தடுமாறும் சிப்பால் யாருக்கும் பயனில்லை. அதைத் தேர்ந்தெடுப்பவர் சுருளை எப்பாக்சியில் பதித்து அசையாமல் நிறுத்திவிட்டு, குவியலின் அடியிலும் நடுவிலும் மேற்பகுதியிலும் தனித்தனியே 150 கிராம் எடுத்து, ஒரே உயரத்திலிருந்து தட்டாமல் கொட்டி, மூன்று முறை அளந்தபின்தான் மூட்டை கட்டத் தொடங்க வேண்டும்.