குயிட்லைன் 13 7848: அழைப்பவர் ஒருவர், புகைப்பது வீடு

ஆஸ்திரேலியாவில் புகையை விட நினைப்பவர்களுக்குத் தொலைபேசியில் ஆலோசனை தரும் சேவை குயிட்லைன்; அதன் பொது எண் 13 7848. பழங்குடியினர் என்றால், எடுத்தவுடன் "அபோரிஜினல் (ஆஸ்திரேலியப் பழங்குடி) ஆலோசகரோடு பேச வேண்டும்" என்று கேட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் அவர் பணியில் இல்லாவிட்டால் பிறகு கூப்பிடச் சொல்லி நேரம் குறித்துக்கொள்ளலாம். பழங்குடிக் குடும்பங்களுக்கு இந்தச் சேவை எவ்வளவு உதவும் என்பது பெரும்பாலும் இந்த ஒரு கோரிக்கையைப் பொறுத்தது.

முதல் அழைப்பில் கேட்பவற்றில் முக்கியமானது, எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது. ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட அடிமைத்தனத்தின் ஆழத்தை இதுவே நன்றாகக் காட்டும். முப்பது நிமிடத்துக்குள் என்றால் நிக்கோட்டின் சூயிங்கம் 4 மி.கி., அதற்குப் பிறகென்றால் 2 மி.கி. பிறகு விடும் நாள் குறிப்பார்கள், அடுத்தடுத்த அழைப்புகளுக்கு நேரம் ஒதுக்குவார்கள். இதுவரை சொன்னவை எந்த நாட்டு உதவி எண்ணும் செய்வதுதான்.

வித்தியாசம் அடுத்த கேள்வியில் இருக்கிறது: வீட்டில் வேறு யார் புகைக்கிறார்கள்? பழங்குடியினர் வைக்கப்பட்டிருந்த மிஷன்களிலும் (கிறிஸ்தவ சபைக் குடியிருப்புகள்) அவர்கள் வேலை செய்த மாட்டுப் பண்ணைகளிலும் மாவு, சர்க்கரை, தேயிலையோடு புகையிலையும் படியாக அளக்கப்பட்ட வரலாறு அங்கே உண்டு. இன்றும் ஒரு சிகரெட்டை நீட்டுவது உறவின் அடையாளம். வேண்டாம் என்றால் நீட்டியவரையே வேண்டாம் என்றதுபோல் ஆகிவிடும். "புகைப்பவர்களிடமிருந்து கொஞ்ச நாள் விலகியிருங்கள்" என்ற வழக்கமான அறிவுரை இங்கே எடுபடாது. அத்தையும் சித்தப்பாவும் அண்ணன் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எங்கே விலகுவது? நல்ல ஆலோசகர் இதைத் தெரிந்துகொண்டு, மறுப்பதற்கான வார்த்தையை அழைப்பிலேயே ஒத்திகை பார்க்க வைப்பார்.

குடும்பம் துணை நின்றால் போதும் என்று நினைப்பது தவறு. துணைவரின் ஆதரவைக் கூட்ட முயன்ற திட்டங்களை 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு தொகுத்துப் பார்த்தது. விட்டவர்களின் எண்ணிக்கை கூடியதாகத் தெரியவில்லை. பாராட்டு ஒரு பக்கம், நச்சரிப்பு மறுபக்கம். இரண்டில் எது மிகுதி என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது என்று அதற்கு முந்தைய ஆய்வுகள் காட்டின. சட்டைப்பையைத் துழாவுவது, வாயை மோந்து பார்ப்பது எல்லாம் ஆதரவுக் கணக்கில் சேராது. ஆகவே வீட்டாரிடம் "ஆதரவு கொடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல் வேலையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி ஆலோசகரைக் கேளுங்கள். வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் யாரும் புகைப்பதில்லை. பாக்கெட் பொது இடத்தில் கிடக்கக் கூடாது. விடுபவருக்கு யாரும் சிகரெட் நீட்டக் கூடாது, அவரே கேட்டாலும். அலாஸ்காவில் பூர்வகுடி சுகாதார அமைப்பும் மேயோ கிளினிக்கும் நடத்தும் ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது: புகைப்பவர் விட்டது பரிசோதனையில் உறுதியானால் அவருக்கும் துணை நிற்கும் உறவினருக்கும் சேர்த்தே பரிசுத்தொகை. குயிட்லைனில் அப்படி எதுவும் இல்லை. ஆஸ்திரேலிய அரசின் இலவச செயலியான மை குயிட்படியில், 2012-இல் வெளியானபோதே, வீட்டார் குரலைப் பதிந்துவைக்கும் வசதி இருந்தது. ஆசை எழும் நிமிடத்தில் பேத்தியின் குரல் கேட்பது, அறிவுரை கேட்பதைவிட மேல்.

இனி பட்டை, அதாவது தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச். அதிகம் புகைப்பவர்கள் 21 மி.கி. பட்டையில் தொடங்கி, 14, 7 என்று இறங்குவது வழக்கம். விடும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே ஒட்டத் தொடங்கலாம். முடியில்லாத, உலர்ந்த தோலில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள். தினமும் இடம் மாற்றாவிட்டால் சிவந்து அரிக்கும். வட ஆஸ்திரேலிய வெயிலில் வியர்வைக்கு ஓரம் கழன்றுகொள்ளும். மருத்துவ டேப் கையில் இருக்கட்டும். கெட்ட கனவு வந்தால் இரவில் எடுத்துவிடலாம். பட்டையோடு சூயிங்கமும் சேர்ந்தால்தான் பலன் கூடுதல். ஆனால் நிக்கோட்டின் சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம்போல மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம்: காரம் தட்டியதும் கன்னத்தோரம் ஒதுக்கி, அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, கோலா கூடாது. வாயில் அமிலம் இருந்தால் நிக்கோட்டின் உள்ளே இறங்காது.

காபியைப் பற்றி அழைப்பில் பேச்சு வராவிட்டால் நீங்களே கேளுங்கள். புகை நின்றதும் உடல் காஃபினைக் கரைக்கும் வேகம் குறைகிறது. அதே மூன்று கோப்பைக்கு நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும்; பழி பட்டைமேல் விழும், மூன்றாம் நாள் பட்டை குப்பைக்குப் போகும். காபியைப் பாதியாக்கினாலே போதும். குளோசபின், ஒலான்சபின் என்ற மனநோய் மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் விடும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவற்றின் அளவும் இரத்தத்தில் இப்படியே ஏறும்.

குறைகளில் பெரியது, தொலைபேசியை நம்பியே எல்லாம் நடப்பது. ஒரு கைபேசியை நான்கு பேர் வைத்திருக்கும் தொலைதூர ஊர்களில், குறித்த நேரத்து அழைப்பு யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. எண் காட்டாத அழைப்பாக வந்தால் பலர் எடுக்கவே மாட்டார்கள். உள்ளூர் பழங்குடி மருத்துவ நிலையத்தின் எண்ணைத் திரும்பக் கூப்பிடும் எண்ணாகக் கொடுப்பது நல்லது. 2022–23 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட பழங்குடியினரில் தினமும் புகைத்தவர்கள் 29 விழுக்காடு. 2012–13-இல் அது 41. இந்த இறக்கத்துக்குத் தொலைபேசியைவிட ஊருக்குள் இறங்கி வேலை செய்த குழுக்களுக்கே அதிகப் பங்கு என்பது எங்கள் கணிப்பு.

ஆஸ்திரேலியத் தமிழர்களும் இதே எண்ணைப் பயன்படுத்தலாம். ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் வழியாகக் குயிட்லைனோடு பேசலாம்.

பட்டை வாங்கும்போது ஒன்று. பழங்குடியினருக்கு மானிய விலையில் ஆண்டுக்கு இரண்டு முறை, முறைக்கு 12 வாரத்துக்கான பட்டைகள் உண்டு. எல்லாவற்றையும் பகிரும் வீட்டில் பட்டையையும் பகிர்வார்கள், அதுவும் அன்பால்தான். மூன்று பேர் ஒட்டினால் 12 வாரப் பெட்டி நான்கு வாரத்தில் காலி, யாருக்கும் முழு அளவு போய்ச் சேராது. கேட்டவருக்கு ஒரு பட்டையைக் கிழித்துக் கொடுக்காமல் மருத்துவச் சீட்டு எழுத அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.